கிழக்குக் கூண்டு மேற்கில் தெரிகிறது, மஸ்

பந்துல்,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய அண்ணன் துங்குல் மஸ் அவர்களுக்கு,

சித்தப்பா மகள் வெனிங் பணிவுடன் எழுதுவது. கடல் தாண்டி பாத்தாமில் இருக்கும் உங்களுக்கு உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று வீட்டில் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே அப்பா நலம். அம்மா நலம்; முழங்கால் வலி மட்டும் மழை வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. கோழிகள் நலம். நான் நலமில்லை, ஆனால் கடிதத்தின் இந்த இடத்தில் நலம் என்றுதான் எழுத வேண்டும் என்பதால் நானும் நலம்.

போனில் எழுதாமல் காகிதத்தில் எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். போனில் எழுதினால் நீங்கள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறீர்கள். 'மஸ், புரோகிராம் தப்பாகக் காட்டுகிறது' என்று எழுதினேன், கட்டைவிரல். 'மஸ், பாக் தர்மாஜி கோபமாக இருக்கிறார்' என்று எழுதினேன், கட்டைவிரல். 'மஸ், லேப்டாப் உடைந்துவிட்டது' என்றதற்கும் அதே கட்டைவிரல்தான், கொஞ்சம் பெரியது. கூப்பிட்டுப் பேசலாம் என்றால் என்னால் முடியாது, உங்களுக்கே தெரியும். போன மாதம் யாரோ கூப்பிட்டு மூச்சு மட்டும் விட்டார்கள் என்று பெரியம்மாவிடம் சொன்னீர்களாம். அது நான்தான். ஆகையால் பக்கத்து வீட்டு சுகெங் கப்பலில் வரும்போது கெப்லாக் தேங்காய் மிட்டாய்ப் பெட்டியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தின்பதற்கு முன் படிக்கவும்.

விஷயம், வரிப்புறாச் சங்கத்துக்கு நீங்கள் எழுதித் தந்த போட்டிப் புரோகிராம். நீங்கள் கிளம்புவதற்கு முன்பு எனக்கு அதைச் சொல்லித் தந்தது அப்படியே நினைவிருக்கிறது. மேலே போட்டியின் பெயர், கீழே மொத்தக் கணக்கு, ஒரு ஓரத்தில் உரிமையாளர் பெயர்கள், இன்னொரு ஓரத்தில் கொடிகளுக்கான பட்டன்கள், நடுவில் ஆறுக்கு ஆறு கட்டம். கட்டத்துக்கு ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு புறா. "இதுல எதையும் நாம கையால நகர்த்த மாட்டோம், நிங்," என்றீர்கள். "மேனேஜர்னு ஒருத்தர் உள்ள இருக்காரு. இது வடக்கு, இது கிழக்கு, இது நடுவுலன்னு அவருகிட்ட சொன்னா போதும். அவரே உக்கார வெச்சிடுவாரு. விண்டோவை இழு, சுருக்கு, அவரே பாத்துக்குவாரு." வடக்கு கிழக்கு என்று பேசுகிறவர் என்றதும், சரி, இவர் நம்ம பக்கத்து ஆள்தான் என்று நம்பிவிட்டேன். எல்லாம் அங்கே ஆரம்பித்தது.

பழைய மைதானத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. கமிட்டி மேசை தெற்கு ஓரத்தில் இருந்தது. எல்லாரும் வடக்குப் பார்த்து நிற்பார்கள், எதிரே மைதானம். பாக் தர்மாஜி வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய டிவியில் உங்கள் கட்டங்கள் தெரியும். டிவியில் மேலே தெரிவது வடக்கே தூரத்தில் இருக்கும் கம்பம், வலது கைப்பக்கம் தெரிவது கிழக்குக் கம்பம். உரிமையாளர்கள் டிவியைப் பார்த்து, தங்கள் பெயர் எங்கே இருக்கிறதோ அந்தக் கம்பத்தில் போய்க் கூண்டை ஏற்றுவார்கள். மூங்கில் தோப்பு லிக் பைரன் நடுவர்களோடு நடந்துபோய், புறாவின் கூவலுக்கு எந்தக் கம்பத்தடியில் எத்தனை கலர் கொடி நட்டார்கள் என்று அங்கிருந்தே கூவுவார். நான் அந்தக் கட்டத்தை அழுத்துவேன். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. மஸ், இந்தப் புரோகிராமின் சிறப்பே அதுதான். கொடியைப் பதிகிறது, கணக்குப் போடுகிறது என்று மற்றவர்கள் புகழ்வார்கள். எனக்கு அது மைக்குக்குப் பதிலாக வந்தது.

இந்த வருடம் பழைய மைதானத்தில் ஃபுட்சால் பந்தாட்டக் கொட்டகை போட்டுவிட்டார்கள். போட்டி நெல் ஆலைக்குப் பின்னால் இருக்கும் காலியிடத்துக்கு மாறியது. அங்கே இருக்கும் ஒரே மரம் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. நிழல் வேண்டுமே, மேசையையும் டிவியையும் மரத்தடியில் போட்டார்கள். இப்போது எல்லாரும் தெற்குப் பார்த்து நிற்கிறார்கள். கம்பங்கள் லிக் பைரன் தோப்பிலிருந்து வெட்டிய புது மூங்கில். எண் எழுதலாமா என்று செயலாளர் கேட்டதற்கு லிக் பைரன், "எண் எதுக்கு? வெயில் அடிக்குது, கிழக்கு எதுன்னு தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெற்குப் பார்த்து நிற்பவருக்குக் கிழக்கு இடது கையில். ஆனால் உங்கள் மேனேஜருக்குக் கிழக்கு எப்போதும் வலது கையில்தான். அவர் வாழ்நாள் முழுக்க வடக்குப் பார்த்தே உட்கார்ந்திருந்த மனிதர் போலிருக்கிறது. ஜாவா என்று நம் தீவின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டர் மொழிக்கு நம் தீவுப் பழக்கம் தெரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது. பாத்தாமில் எல்லாரும் இடது வலது என்றுதான் பேசுவார்கள் என்று ஒரு தடவை சொன்னீர்கள். கன்னத்தில் சோறு ஒட்டியிருந்தால்கூடவா, மஸ்? மேற்குக் கன்னம் என்று சொல்ல மாட்டார்களா? பிறகு எப்படித் துடைப்பார்கள்?

முன்னோட்டப் போட்டி அன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை. முந்திலானிலிருந்து கோ லியாங் வந்திருந்தார், மூன்று வருடமாகத் தோற்காத புறாவோடு. சீட்டுக் குலுக்கலில் அவருக்கு விழுந்தது தென்மேற்கு மூலை. உங்கள் புரோகிராமில் தென்மேற்கு என்றால் டிவியில் கீழே இடது பக்கம். அவர் தெற்குப் பார்த்து நின்று டிவியைப் பார்த்தார். இடது என்றால் கிழக்கு, கீழே என்றால் கிட்டே, அதாவது வடக்கு. போய் வடகிழக்கு மூலையில் கூண்டை ஏற்றினார். வடகிழக்கு மூலை யாருக்கு விழுந்திருந்தது என்றால், சங்கத் தலைவர் பாக் தர்மாஜிக்கு. அவர் தன்னுடைய மெண்டுங்கைத் தூக்கிக்கொண்டு தென்மேற்கு மூலைக்குப் போனார். முப்பத்தாறு பேரும் இப்படியே எதிர்மூலைக்கு எதிர்மூலை போனார்கள். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. டிவியில் போட்டிருக்கிறதே.

மெண்டுங்கை உங்களுக்குத் தெரியும். பெருநாளிலிருந்து அது வாயைத் திறக்கவில்லை. பாக் தர்மாஜி அதற்குத் தேன் கொடுத்தார், எறும்பு முட்டை கொடுத்தார், வேறு புறாவின் குரலைப் பதிவுசெய்து போட்டுக் காட்டினார். அது கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். நான் அவர் தீவனக் கடையின் பின்னறையில் தினை அளக்கும்போது எதிரே தொங்கும். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை.

போட்டி தொடங்கியது. கோ லியாங்கின் புறா வடகிழக்கு மூலையிலிருந்து கூவியது பாருங்கள், கெண்டிக்குள் தண்ணீர் விழுகிற மாதிரி. லிக் பைரன் கூவினார்: "வடகிழக்கு மூலை, நாலு கலர்." நான் வடகிழக்குக் கட்டத்தை அழுத்தினேன். டிவியில் நாலு கலரோடு பளிச்சென்று எரிந்த பெயர் மெண்டுங். மறுபடியும் "வடகிழக்கு, நாலு கலர்." மறுபடியும் மெண்டுங். ஒரு சுற்று முடிவதற்குள், பெருநாளிலிருந்து ஊமையாக இருக்கும் பறவை, அதுவும் சங்கத் தலைவருடைய பறவை, எல்லாரையும் முந்திவிட்டது.

கோ லியாங் கயிற்றுக்கு வெளியே நின்றபடி தன் கம்பத்தடியில் நிற்கும் கொடிகளையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, "பாக், தலைவர் பதவியோட கோப்பையும் சேத்தே குடுத்துடறாங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா பெட்ரோலாவது மிச்சமாயிருக்கும்," என்றார்.

பாக் தர்மாஜியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "கோ, அந்தப் பறவை ஒரு தடவை தும்முனாக்கூட நான் ஊருக்கே விருந்து வெப்பேன். அதுக்கு நாலு கலர் கொடியா? நானே நம்பல."

"நான் சரியாத்தான் கூவுனேன்," என்றார் லிக் பைரன். "வடகிழக்குன்னேன். வடகிழக்கு வடகிழக்குலதான் இருந்துச்சு. எங்கயும் போகல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். பாக் தர்மாஜி காதைக் கிட்டே கொண்டுவந்து, "இன்னும் கொஞ்சம் சத்தமா, நிங்," என்றார். கோ லியாங்கும், "இன்னும் கொஞ்சம் சத்தமா, மா," என்றார். அவ்வளவுதான், உள்ளே மிச்சமிருந்த சத்தமும் போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் மற்றவர்களும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பாக் தர்மாஜி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்து, மெதுவாகத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலை. "நிங், முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ்ல வேலை பாத்தேன். ஒரு வாழைப்பழம் வாங்கினவன்னு யாரும் சொன்னதில்ல. இப்ப முந்திலான் வரைக்கும் பேரு போயிடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய கோப்பை. அதுக்குள்ள இந்த விண்டோவை ஒழுங்கான திசைக்குத் திருப்பி வை. முடியலையா, பரவால்ல. டிவி வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். பழையபடி மைக். யார் எந்தக் கம்பம்னு நீ ஒவ்வொண்ணா படிச்சுடு."

மைக், மஸ். நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் காரணம் எல்லாருக்கும் கேட்டது. திங்கட்கிழமைக் கொடியேற்றத்தில் உறுதிமொழி படிக்க என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். வாய் வரவில்லை. என் மூச்சு மட்டும் ஒலிபெருக்கி வழியாக வயல் தாண்டிப் போனது. ஆசிரியர் பக்கத்தில் வந்து ரகசியமாக, "இன்னும் கொஞ்சம் சத்தமா, நிங்," என்றது அதைவிடத் தெளிவாகப் போனது. நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம். செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை. பிறகு அப்படியே போகவில்லை.

ஆகையால் திருத்த உட்கார்ந்தேன். முதலில் திசை மேனேஜரிடம் போய், கிழக்கு என்று எழுதியிருந்த இடத்தில் மேற்கு என்றும் வடக்கு என்ற இடத்தில் தெற்கு என்றும் மாற்றினேன். ஓட்டிப் பார்த்தால் ஓரத்தில் இருந்தவை மட்டும் இடம் மாறின. போட்டியின் பெயர் கீழே போனது, கணக்கு மேலே வந்தது, பட்டன்கள் இந்தப் பக்கமும் பெயர்கள் அந்தப் பக்கமும் போயின. நடுவில் முப்பத்தாறு கட்டமும் ஒரு இம்மி அசையவில்லை. அவர்களுக்கு வேறு மேனேஜராம், கட்ட மேனேஜர். அவரிடம் திசையே செல்லாது. முதலில் வந்தவர் மேல் மூலை, அடுத்தவர் அவருக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் ஒரே அளவு, பேச்சு இல்லை. சரி என்று ஒவ்வொரு கட்டத்தையும் சேர்க்கும் வரியை வெட்டி வெட்டி வேறு இடத்தில் ஒட்டினேன். அதில் ஒரு வரி எங்கேயோ விழுந்துவிட்டது. ஒரு கட்டம் குறைந்ததும், இலவச அரிசி வரிசையில் ஒருத்தர் விலகினால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு அடி முன்னால் வருவார்களே, அப்படி வந்துவிட்டார்கள். தொலைந்த கட்டம் கோ லியாங்குடையது. வேறு யாருடையதாகவாவது இருந்திருக்கலாம்.

புதன்கிழமை ஓட்ட மேனேஜரிடம் போனேன். இவர் இளகிய மனசுக்காரர். வருகிறவர் எத்தனை அகலமோ அத்தனை இடம் கொடுப்பார், வரிசையில் இடம் தீர்ந்தால் அடுத்த வரிசைக்கு அனுப்புவார். நம் ஆட்கள் புறாவுக்கு வைக்கிற பெயர்தான் உங்களுக்குத் தெரியுமே. 'ஸ்ரீ ரெஜெகி மாதரம் மைந்தன் இரண்டு' என்று ஒன்று. அது தனியாகப் பாதி வரிசையை எடுத்துக்கொண்டது. ஒரு வரிசையில் மூன்று கட்டம், அடுத்ததில் எட்டு. பாக் தர்மாஜி கூடத்து டிவியில் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கம்பமெல்லாம் ஒரே தடிமன்தானே, நிங்? பேரு நீளமா வெச்சா மூங்கில் பெருத்துடுமா?"

(இப்போது கவனிக்கிறேன், செவ்வாய்க்கிழமை என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்றுதான் தொடங்கினேன். இன்று வெள்ளி. சுகெங் நாளைக் காலை கிளம்புகிறார்.)

திங்கட்கிழமையே ஒரு சண்டை வந்திருந்தது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். பாக் தர்மாஜி என் லேப்டாப்பைக் காட்டி, "அந்தப் பச்சைப் பட்டனைக் கொஞ்சம் வடக்கே தள்ளு," என்றார். நான் மேலே தள்ளினேன். "வடக்கேன்னேன்." கீழே தள்ளினேன். அப்போது லிக் பைரன் பொரித்த டெம்பேயைக் கையில் வைத்துக்கொண்டு, "செங்குத்தா நிக்கிற பலகைல வடக்கு ஏது, பாக்? மேல இருக்கிறது வானம், கீழ இருக்கிறது மேசை," என்றார். இது அங்கே யாருக்கும் தோன்றவே இல்லை. பிறகு பாக் தர்மாஜி, "அப்ப படுக்க வெச்சுப் பாப்போம்," என்று சொல்லி, லேப்டாப்பின் திரையை மேசையோடு மேசையாகப் பின்னால் சாய்த்தார். அது அவ்வளவு தூரம் சாயக்கூடியது இல்லை, மஸ். கீல் போன சத்தத்துக்கு உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். இப்போது திரையை அப்பள டின்னில் சாய்த்துவைத்து வேலை செய்கிறேன். அப்பளம் தீரத் தீரத் திரையும் சாய்கிறது. லிக் பைரன் வரும்போதெல்லாம் எடுக்கிறார்.

வியாழக்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேனேஜரே வேண்டாம் என்று எல்லாரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு கட்டமும் இத்தனை புள்ளி தள்ளி, இத்தனை புள்ளி கீழே என்று நானே எழுதினேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அப்பள டின்னில் சாய்ந்திருந்த அந்தத் திரையில் அவ்வளவு அழகாக வந்தது. கோ லியாங் இருக்க வேண்டிய இடத்தில் கோ லியாங், மெண்டுங் இருக்க வேண்டிய இடத்தில் மெண்டுங். சந்தோஷத்தில் டிவியில் இணைத்தேன். டிவி பெரியது. கட்டங்கள் பெரிதாகவில்லை. பெரிய திரையின் மேல் இடது மூலையில், மழைக்கு ஒதுங்கிய ஆட்கள் மாதிரி முப்பத்தாறும் ஒட்டிக்கொண்டு நின்றன. மிச்சமெல்லாம் சாம்பல் நிறம்.

"எல்லாரும் ஏன் தென்மேற்குல நிக்கறாங்க?" என்றார் பாக் தர்மாஜி. அவர் வீட்டு டிவி மேற்குச் சுவரில் இருக்கிறது. நான் தெற்குப் பார்க்கிறவர்களுக்காகச் செய்தேன், அவர் மேற்குப் பார்த்து உட்கார்ந்து பார்க்கிறார். இதை விளக்க வாயைத் திறந்தேன். "இன்னும் கொஞ்சம் சத்தமா, நிங்," என்றார்.

கடைசியாக இன்று காலை பை மேனேஜர். இவர்தான் எல்லாருக்கும் பெரியவர், எதையும் செய்வார் என்று நீங்கள் ஒரு தடவை சொன்னீர்கள். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை கேள்வி. எந்த வரிசை, எந்தப் பத்தி, மிச்ச இடத்தில் உனக்கு எவ்வளவு பங்கு, இடம் கிடைத்தால் பெருத்துக்கொள்வாயா, எட்டுத் திசையில் எதில் ஒட்டிக்கொள்வாய். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை. பங்கு பற்றிய கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. மூலையில் நின்றவர்கள் இப்போது நடுவில் வந்து, அரிசி மணி அளவில் குவிந்து நிற்கிறார்கள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களும் என்னைப் பார்க்கிறார்கள்.

ஆகையால், மஸ், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வாருங்கள். இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேர்வதற்கே ஞாயிறு தாண்டிவிடும் என்று இப்போதுதான் தோன்றுகிறது, இருந்தாலும் வாருங்கள். வர முடியாவிட்டால் அதைத் திருப்பிவைக்கும் வரியை மட்டுமாவது அனுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால், உங்கள் கம்பெனி டாக்டரிடம் சொல்லி, இந்தப் பெண்ணுக்குத் தொண்டையில் ஏதோ இருக்கிறது, மைக் பக்கம் விடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி வாங்கி அனுப்புங்கள். கட்டைவிரல் அனுப்ப வேண்டாம்.

எழுத்தில் மரியாதைக் குறைவாக எதுவும் வந்திருந்தால், சின்னவள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா உங்களை மூத்த மகனாகவே நினைப்பதாக எழுதச் சொன்னார். அம்மா, கடல் காற்றில் தலையைத் துவட்டாமல் நிற்க வேண்டாம் என்று எழுதச் சொன்னார். உங்கள் பாதையில் வெளிச்சமும் உங்கள் தட்டில் சோறும் குறையாமல் இருக்க எங்கள் எல்லாருடைய வேண்டுதலும்.

பணிவுடன்,
வெனிங்

பின்குறிப்பு: கடலில் அலை அதிகம் என்று சுகெங்கின் கப்பலைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். ஞாயிறு முடிந்து இன்று திங்கள். கடிதம் இன்னும் கெப்லாக் பெட்டியில்தான் இருக்கிறது. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மதியமே விண்டோ சரியாகிவிட்டது. திடீரென்று மழை வந்து, கடை வாசலில் தொங்கிய கூண்டுகளை உள்ளே எடுத்துவைத்தேன். மழை விட்டதும், கடைசியாக வைத்ததைத்தானே முதலில் எடுப்போம், எடுத்து மாட்டிக்கொண்டே வந்தேன். பார்த்தால் வரிசை தலைகீழாக இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பழைய கட்ட மேனேஜரையே திரும்பக் கூப்பிட்டு, முதல் கட்டத்திலிருந்து அல்ல, கடைசிக் கட்டத்திலிருந்து சேர்க்கச் சொன்னேன். ஒரே ஒரு வரி, மஸ். மொத்த மைதானமும் தலைகீழாகத் திரும்பி, தெற்குப் பார்த்து நிற்பவர் கண்ணுக்கு ஒழுங்காக வந்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

பாக் தர்மாஜியும் என்னிடம் ஒன்று சொல்லவில்லை. "பொண்ணு ஒரு வாரமா சரியா சோறு திங்கல. விண்டோ திரும்பலன்னா மேசையத் திருப்பிட்டுப் போறோம்," என்று சொல்லி, அவரும் லிக் பைரனும் ஞாயிறு விடிகாலையில் மேசையையும் டிவியையும் தெற்கு ஓரத்துக்குத் தூக்கிப்போய், நிழலுக்குத் தார்ப்பாய் கட்டி, எல்லாரையும் வடக்குப் பார்த்து நிற்கவைத்துவிட்டார்கள். நீங்கள் முதலில் எழுதியபடியே இருந்திருந்தால் அப்படியே பொருந்தியிருக்கும்.

வந்ததும் நான் குனிந்த தலை நிமிராமல் லேப்டாப்பை இணைத்தேன். பெயர்கள் டிவியில் வந்தன. உரிமையாளர்கள் கூண்டைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள், முப்பத்தாறு பேரும், எதிர்மூலைக்கு. பாக் தர்மாஜி மெண்டுங்கைத் தூக்கிக்கொண்டு வடகிழக்கு நோக்கிப் போகிறார். இந்தத் தடவைக் குலுக்கலில் அந்த மூலை விழுந்தது கோ லியாங்குக்கு, அவருக்கு விழுந்தது தென்மேற்கு. நடக்கும்போதே திரும்பி, நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் நாலு கலர் கொடி மறுபடியும் அவர் பெயரில் விழும். முப்பது வருஷமும் ஒரு வாழைப்பழமும் என் கண் முன்னால் வந்தன. செயலாளர் பாட்டுப் போடுவதற்காக வைத்திருந்த மைக் மேசைமேல் இருந்தது. நான் எடுத்தது எனக்கு நினைவில்லை. ஆனால் கையில் இருந்தது.

"நில்லுங்க," என்றேன்.

எல்லாரும் நின்றார்கள். ரோட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த டெம்பே விற்பவரும் நின்றார். பிறகு எனக்கு வேறு வழியே இல்லை. "டிவியப் பாக்காதீங்க. அது தலைகீழா இருக்கு. நான்தான் வெச்சேன். கோ லியாங், வடகிழக்கு மூலை. பாக் தர்மாஜி, நீங்க தென்மேற்கு. ஸ்ரீ ரெஜெகி மாதரம் மைந்தன் இரண்டு, வடக்கு வரிசை, மேற்கேருந்து ரெண்டாவது." அப்படியே முப்பத்தாறும் படித்தேன். இரண்டாம் வரிசை வந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். சத்தமாகப் பேசு என்று யாரும் சொல்லவில்லை.

கடைசிப் பெயரைப் படித்து முடித்ததும் தென்மேற்கு மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. துருப்பிடித்த கதவு மாதிரி. நான் ஏதோ உடைந்தது என்று நினைத்து, மைக்கில் "என்னது?" என்றேன். அது மறுபடியும் பதில் சொன்னது. மெண்டுங். பாக் தர்மாஜி கம்பத்தடியில் குந்தி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவர்கள் யோசித்துவிட்டு ஒரு கொடி நட்டார்கள். "தென்மேற்கு மூலை, ஒரே ஒரு கலர்," என்று லிக் பைரன், நாலு கலருக்குக்கூடக் கூவாத உற்சாகத்தில் கூவினார். கோப்பை கோ லியாங்குக்கு. போகும்போது அவர் பாக் தர்மாஜியிடம், "விருந்து எப்போ, பாக்? தும்முனா வெக்கறேன்னீங்க, இது அதுக்கும் மேல," என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆகையால் நீங்கள் வர வேண்டாம். தொண்டைத் தாளும் வேண்டாம், ஊரே என் தொண்டையைக் கேட்டுவிட்டது. புரோகிராமும் இனி வேண்டாமாம், மைக்கே போதுமாம். டிவி பாக் தர்மாஜி வீட்டு மேற்குச் சுவருக்குத் திரும்பிவிட்டது. ஆகஸ்டில் சுதந்திர நாள் போட்டிக்கும், அதற்கடுத்த எல்லாப் போட்டிக்கும் நான்தான் படிக்க வேண்டும் என்று கமிட்டியில் எழுதிவிட்டார்கள். விண்டோ சரியாக இல்லாவிட்டால் மைக் என்றார்கள். சரியாக வைத்தேன், மைக் வந்துவிட்டது. முடிந்தால் கீல் ஒன்று வாங்கி அனுப்புங்கள்.

இன்னொன்று. என் குரல் கேட்டால்தான் மெண்டுங் கூவுகிறது என்று பாக் தர்மாஜி கண்டுபிடித்திருக்கிறார். அதனால் தினமும் காலையில் அதன் முன்னால் உட்கார்ந்து ஏதாவது பேச வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாமல் முப்பத்தாறு கம்பங்களையும் திசையோடு சொல்கிறேன். தலையைச் சாய்த்துக் கேட்கிறது. இன்னும் கொஞ்சம் சத்தமா, நிங் என்று இந்த ஊரில் ஒருநாளும் என்னிடம் சொல்லாதது அது ஒன்றுதான்.